பிரிட்டனில் முதல் ரீவேலிடேஷன்: ஐந்து தன்னாய்வுக் குறிப்புகளில் சிக்கிக்கொள்ளாமல் முடிப்பது எப்படி?

வெளிநாட்டில் படித்தவர்களுக்கான செய்முறைத் தேர்வான ஆஸ்கியை முடித்து, பின் நம்பர் என்னும் பதிவு எண் கையில் வந்து, வார்டில் காலூன்றி நிற்கத் தொடங்கிய தமிழ்ச் செவிலியர்களுக்காக இதை எழுதுகிறேன். பதிவு செய்து மூன்றாண்டுகள் ஆனதும், செவிலியர்களைப் பதிவு செய்யும் கழகமான என்.எம்.சி. உங்களிடம் ரீவேலிடேஷன் கேட்கும், அதாவது சான்றுகளைக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்கச் சொல்லும். அதைச் செய்யாவிட்டால் பதிவு காலாவதியாகும். பதிவு இல்லாமல் பிரிட்டனில் செவிலியராக ஒரு ஷிஃப்ட் கூடப் பார்க்க முடியாது.

கேட்பவை பல: வேலை செய்த மணி நேரம், பயிற்சி, பின்னூட்டம், எழுத்துக் குறிப்புகள், ஒரு கலந்துரையாடல், ஒரு கையெழுத்து. இவற்றில் பெரும்பாலானவற்றை ஒரு வார இறுதியில் திரட்டிவிடலாம். ஆள் தடுக்கி விழும் இடம் ஒன்றே ஒன்று: படிவத்தில் ரிஃப்ளெக்டிவ் அக்கவுண்ட் என்று இருக்கும் ஐந்து தன்னாய்வுக் குறிப்புகள். நம் ஊர் நர்சிங் படிப்பில் உடற்கூறியல் படித்தோம், ஊசி போடக் கற்றோம், கேஸ் ஸ்டடி எழுதினோம். நம் வேலையை நாமே நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டு அதை எழுத்தில் வைக்க யாரும் கற்றுத்தரவில்லை. அந்தப் பகுதியில் நானும் வெகுவாகத் திணறினேன். அதனால் மற்றவற்றைச் சுருக்கமாகவும் அதை மட்டும் விரிவாகவும் சொல்கிறேன்.

1. இரண்டு தேதிகளை இன்றே குறித்து வையுங்கள்

என்.எம்.சி. இணையக் கணக்கில் நுழைந்து பாருங்கள். அங்கே இரண்டு தேதிகள் உண்டு, பலரும் ஒன்றை மட்டுமே பார்க்கிறார்கள். பதிவு முடியும் தேதி மாதத்தின் கடைசி நாள். ரீவேலிடேஷன் விண்ணப்பத் தேதி அதே மாதத்தின் முதல் நாள். உங்கள் பதிவு ஏப்ரல் 30 அன்று முடிகிறது என்றால் விண்ணப்பம் ஏப்ரல் 1க்குள் போயிருக்க வேண்டும். ஏப்ரல் கடைசி வரை நேரம் இருக்கிறது என்று நினைப்பதுதான் மிகப் பரவலான பிழை.

விண்ணப்பப் பக்கம் அந்தத் தேதிக்கு 60 நாள் முன்பு திறக்கும். அதற்கான அறிவிப்பு மின்னஞ்சலில் வரும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. முதல் வேலையில் சேர்ந்தபோது கொடுத்த மருத்துவமனை மின்னஞ்சல் முகவரியையே பலர் கணக்கில் வைத்திருக்கிறார்கள். வேலை மாறியதும் அந்த முகவரி மூடப்படும், அறிவிப்பு யாரும் திறக்காத பெட்டிக்குப் போகும். உங்கள் சொந்த முகவரியை மாற்றிக் கொடுங்கள். வீட்டு முகவரி, கைபேசி எண் இரண்டையும் கூடவே சரிபார்த்துவிடுங்கள்.

மகப்பேறு விடுப்பு, நீண்ட நோய் போன்ற காரணங்களால் குறித்த நேரத்தில் முடியாது என்று தெரிந்தால், தேதி வருவதற்கு முன்பே என்.எம்.சி.யைத் தொடர்புகொள்ளுங்கள். சிறப்புச் சூழ்நிலைகளுக்கு ஏற்பாடு உண்டு. ஆனால் முன்கூட்டிக் கேட்டால்தான் அது உதவும்.

2. ஒரு கோப்பு தொடங்குங்கள்

கோப்பில் இருக்க வேண்டியவை இவை:

- மூன்றாண்டுகளில் குறைந்தது 450 மணி நேரம் பணி. செவிலியர், மிட்வைஃப் (பிரசவம் பார்ப்பவர்) என்று இரண்டு பதிவு வைத்திருப்பவர்களுக்கு 900.
- 35 மணி நேரத் தொழில் பயிற்சி. அதில் 20 மணி நேரம் மற்றவர்களோடு சேர்ந்து கற்றதாக இருக்க வேண்டும்.
- பணி தொடர்பான ஐந்து பின்னூட்டங்கள்.
- ஐந்து தன்னாய்வுக் குறிப்புகள்.
- அவற்றைப் பற்றி இன்னொரு பதிவுபெற்ற செவிலியரோடு நடத்திய கலந்துரையாடலின் படிவம்.
- உறுதிப்படுத்துபவர் கையெழுத்திட்ட படிவம்.
- உடல்நலம், நன்னடத்தை, தொழில் காப்புறுதி பற்றிய உங்கள் உறுதிமொழி. இதை விண்ணப்பத்திலேயே தருவீர்கள்.

குறிப்புகள், கலந்துரையாடல், உறுதிப்படுத்தல் ஆகிய மூன்றுக்கும் என்.எம்.சி.யின் சொந்தப் படிவங்களைத்தான் பயன்படுத்த வேண்டும். அவை இலவசமாக இறக்கிக்கொள்ளக் கிடைக்கின்றன. அழகான தோல் அட்டைக் கோப்பு, மாதச் சந்தா கேட்கும் செயலி, ‘ரீவேலிடேஷன் பேக்கேஜ்’ என்றெல்லாம் விற்பார்கள். எதுவும் தேவையில்லை. ஒரு பவுண்டுக் கடையில் வாங்கும் கோப்பு போதும்.

விதிகள் காலத்துக்கேற்ப மாறலாம் என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் வழிகாட்டி ஏட்டை என்.எம்.சி. தளத்திலிருந்து ஒருமுறை இறக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். தோழி அனுப்பிய பழைய பிடிஎஃப் கோப்பை நம்பாதீர்கள்.

3. மணி நேரமும் பயிற்சியும்

முழு நேரம் வேலை செய்பவருக்கு 450 மணி நேரம் ஒரு பிரச்சினையே இல்லை, சில மாதங்களிலேயே சேர்ந்துவிடும். குழந்தை பிறந்து நீண்ட விடுப்பில் இருந்தவர்கள், ஊருக்குப் போய் ஓராண்டு தங்கியவர்கள் மட்டும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். என்.எம்.சி. பதிவு நடப்பில் இருந்த காலத்தில் வெளிநாட்டில் செவிலியராகப் பார்த்த வேலையும் சேரும். பணியிடம், தேதிகள், வேலையின் தன்மை ஆகியவற்றை ஒரு பட்டியலாக எழுதி, ஷிஃப்ட் பட்டியலையோ சம்பளச் சீட்டையோ சான்றாக வையுங்கள். மணி நேரம் குறைந்தால், பணிக்குத் திரும்பும் படிப்பு அல்லது திறன் தேர்வு என்று வழி நீளும். ஆகவே இதை மூன்றாம் ஆண்டின் தொடக்கத்திலேயே கூட்டிப் பார்த்துவிடுங்கள்.

பயிற்சியில் ஒரு வலை உண்டு. மருத்துவமனை கட்டாயமாக நடத்தும் தீயணைப்புப் பயிற்சியும் பொதுவான பணியிடப் பாதுகாப்புப் பயிற்சியும் 35 மணி நேரத்தில் சேராது. உங்கள் மருத்துவப் பணியோடு நேரடித் தொடர்பு இருக்க வேண்டும். செப்சிஸ், காயப் பராமரிப்பு, டிமென்ஷியா பற்றிய வகுப்புகள் சேரும். ‘சேர்ந்து கற்ற’ 20 மணி நேரம் என்பதற்கு நேரில் கூட வேண்டிய அவசியமில்லை. இணையக் கூட்டத்தில் மற்றவர்களோடு பேசிக் கற்றதும் செல்லும். தனியாக உட்கார்ந்து காணொளி பார்த்தது இதில் வராது, மீதி 15 மணி நேரத்தில் வரும். அரசு மருத்துவச் சேவையான என்.ஹெச்.எஸ். ஊழியர்களுக்கான இணையப் பாடங்கள் இலவசம். காசு கட்டிப் படித்தால்தான் மதிப்பு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

4. ஐந்து பின்னூட்டங்கள்

எழுத்தில் இருக்க வேண்டும் என்றில்லை, வாயால் சொன்னதும் போதும். நோயாளி சொன்னது, அவர் மகள் சொன்னது, உங்களோடு வந்த மாணவச் செவிலியர் சொன்னது, ஆண்டு மதிப்பீட்டில் மேனேஜர் எழுதியது, வார்டுக்கு வந்த புகார் என எதுவும் ஆகலாம். பாராட்டு மட்டும் ஐந்து சேர்க்காதீர்கள். நன்றி அட்டையை வைத்துத் தன்னாய்வு எழுத உட்கார்ந்தால் இரண்டாவது வரியிலேயே கை நின்றுவிடும். “நீங்கள் வேகமாகப் பேசுகிறீர்கள், அம்மாவுக்குப் புரியவில்லை” என்று ஒரு மகன் சொன்னது பத்து அட்டைகளை விட உதவும்.

சொன்ன அன்றே தேதியோடு இரண்டு வரி எழுதி வையுங்கள். சொன்னவரின் பெயரை எழுத வேண்டாம். நன்றி அட்டையையும் அப்படியே கோப்பில் செருகக் கூடாது, அதில் பெயர் இருக்கும். சாரத்தை மட்டும் எடுத்து எழுதுங்கள்.

5. தன்னாய்வுக் குறிப்பு: இது விளக்கக் கடிதம் அல்ல

ஊரில் மருத்துவமனையில் ஏதாவது தவறினால் என்ன நடக்கும்? மெமோ வரும். நாம் விளக்கக் கடிதம் எழுதுவோம். அந்தக் கடிதத்தின் ஒரே நோக்கம் தப்பிப்பது. “கவனக்குறைவு ஏற்பட்டுவிட்டது”, “பணிச்சுமை காரணமாகத் தாமதமானது”, “இனி இவ்வாறு நிகழாது என உறுதி கூறுகிறேன்.” யார் செய்தார், ஏன் செய்தார் என்பது எங்கும் வராதபடி வாக்கியங்களை அமைக்க நமக்கு நன்றாகத் தெரியும். பல ஆண்டுகள் அப்படி எழுதிப் பழகிய கைதான் இங்கேயும் எழுத உட்காருகிறது. பிரிட்டனுக்கு வந்த நம்மவர்கள் எழுதும் குறிப்புகள் வெறுமையாக இருப்பதற்கு ஆங்கிலம் காரணமில்லை, இந்தப் பழக்கமே காரணம் என்பது என் உறுதியான கருத்து.

தன்னாய்வுக் குறிப்பை யாரும் தீர்ப்பளிக்கப் படிப்பதில்லை. என்.எம்.சி.க்கு அதை அனுப்பவும் வேண்டியதில்லை, உங்கள் கோப்பிலேயே இருக்கும். அது மன்னிப்புக் கடிதமும் அல்ல. நன்றாகச் செய்த ஒன்றைப் பற்றியும் எழுதலாம், ஏன் நன்றாக அமைந்தது என்று ஆராய்ந்தால் போதும்.

நிகழ்வைத் தேர்ந்தெடுப்பது: பெரிய விபத்தைத் தேடாதீர்கள். ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது எது? உடன் வேலை செய்பவர் சொன்ன எந்தச் சொல் சுருக்கென்றது? எந்த நோயாளியின் அறைக்குள் போகத் தயங்கினீர்கள்? இவைதான் நல்ல மூலப்பொருள். இதயம் நின்று பத்துப் பேர் ஓடிவந்த நிகழ்வை எடுத்தால் அதில் உங்கள் பங்கு கூட்டத்தில் கரைந்துவிடும்.

படிவம் நான்கு கேள்விகள் கேட்கிறது. பயிற்சி, பின்னூட்டம் அல்லது நிகழ்வின் தன்மை என்ன? அதிலிருந்து என்ன கற்றீர்கள்? அதனால் உங்கள் பணியை எப்படி மாற்றினீர்கள்? இது என்.எம்.சி.யின் தொழில் நெறிமுறைக் கோட்பாட்டோடு எப்படித் தொடர்புடையது? முதல் கேள்விக்கு முக்கால் பக்கம் எழுதி, மற்ற மூன்றுக்கும் ஒவ்வொரு வரி எழுதுவது எல்லோருக்கும் வரும் இயல்பு. அதைத் தலைகீழாக்குங்கள். நிகழ்வுக்கு நான்கைந்து வரி போதும்.

ஒரு கற்பனை நிகழ்வை எடுத்துக்கொள்வோம். இரவுப் பணி. உடல்நிலை மோசமாவதைக் காட்டும் நியூஸ்2 மதிப்பெண் ஒரு நோயாளிக்கு 3இலிருந்து 5 ஆகிறது. 5 என்றால் மருத்துவக் குழுவுக்கு உடனே சொல்ல வேண்டும். செவிலியர் அரை மணி நேரம் கழித்துத்தான் அழைக்கிறார். நோயாளிக்கு எதுவும் ஆகவில்லை. பழைய கை இதை இப்படி எழுதும்:

“இரவுப் பணியில் ஒரு நோயாளியின் நிலையில் மாற்றம் காணப்பட்டது. ஆட்கள் குறைவாக இருந்தனர். மருத்துவருக்குத் தகவல் தெரிவிக்கப்பட்டு உரிய சிகிச்சை அளிக்கப்பட்டது. குழுப்பணியின் முக்கியத்துவத்தை உணர்ந்தேன். இனி மேலும் கவனமாக இருப்பேன்.”

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் எழுதியவரும் இல்லை. அதே நிகழ்வை இப்படி எழுதிப் பாருங்கள்:

“மதிப்பெண் 5 என்று பார்த்ததும் மருத்துவரை அழைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அழைக்கவில்லை. கருவி தவறாகக் காட்டியிருக்கலாம், அரை மணி கழித்து மீண்டும் பார்க்கலாம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அந்தக் காரணம் உண்மையென்றால் உடனே வேறு கருவியில் அளந்திருப்பேன், நான் அளக்கவில்லை. அன்று மாலை அதே மருத்துவர் தொலைபேசியில் எரிச்சலோடு பேசியிருந்தார். மறுபடி அழைத்தால் தேவையில்லாமல் அழைத்தேன் என்பார் என்று பயந்தேன். மருத்துவர் வந்தால் எழுந்து நிற்க வேண்டும், அவராகக் கேட்காமல் பேசக் கூடாது என்ற சூழலில் பயின்றவள் நான். அந்தப் பயம் என் மருத்துவ முடிவுக்குள் நுழைந்திருந்தது.”

இரண்டாவதில் ஒரு குறிப்பிட்ட அசைவு இருக்கிறது, கவனியுங்கள். முதலில் தோன்றிய காரணத்தை எழுதிவிட்டு, அது உண்மையா என்று எழுதியவரே சோதிக்கிறார். ‘அது உண்மையென்றால் நான் வேறு என்ன செய்திருப்பேன்?’ என்ற இந்த ஒரு கேள்வி போதும், குறிப்பு உயிர்பெற்றுவிடும். ஒவ்வொரு குறிப்பிலும் ஓரிடத்திலாவது இதைக் கேளுங்கள்.

‘ஆட்கள் குறைவு’ பற்றி ஒரு சொல். அது பெரும்பாலும் உண்மைதான், எழுதுங்கள். ஆனால் அங்கே நிறுத்தாதீர்கள். ஆட்கள் குறைவாக இருந்த அந்த இரவில் நீங்கள் எதை முதலில் செய்தீர்கள், எதைத் தள்ளிப்போட்டீர்கள், அந்த வரிசையை எப்படி முடிவு செய்தீர்கள்? பொறுப்புச் செவிலியரிடம் சொன்னீர்களா, டேட்டிக்ஸில் (தவறுகளையும் குறைகளையும் பதியும் மருத்துவமனை மென்பொருள்) பதிவு செய்தீர்களா? இல்லையென்றால் எது தடுத்தது?

மூன்றாவது கேள்விக்கான விடையில் ‘கவனமாக இருப்பேன்’ என்ற சொற்றொடரை அடியோடு விலக்குங்கள். கவனம் என்பது பார்த்துச் சரிபார்க்கக்கூடிய செயல் அல்ல. மேலே சொன்ன நிகழ்வுக்கு விடை இப்படி இருக்கலாம்: “அழைப்பதற்கு முன் எஸ்பார் முறையில் (நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை) நான்கு வரி எழுதிக்கொள்கிறேன். தயக்கம் வந்தால் ‘மதிப்பெண் 5, நான் அழைக்கப் போகிறேன்’ என்று பொறுப்புச் செவிலியரிடம் முதலில் சொல்லிவிடுகிறேன். அதன் பிறகு பின்வாங்க முடியாது. அடுத்து இப்படி நேர்ந்தபோது உடனே அழைத்தேன். மருத்துவர் எரிச்சலோடுதான் பேசினார். ஆனால் வந்தார்.” மாற்றத்தைச் செய்து பார்த்த பிறகு குறிப்பை முடிப்பது நல்லது. அதனால்தான் நிகழ்வு நடந்த வாரமே பாதியை எழுதி, ஒரு மாதம் கழித்து மீதியை எழுதுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

நான்காவது கேள்வி எளிது, ஆனால் பலர் நழுவவிடுகிறார்கள். கோட்பாடு நான்கு பெரும் பிரிவுகளாக இருக்கிறது: மக்களுக்கு முன்னுரிமை, திறம்படப் பணியாற்றல், பாதுகாப்பு, தொழில்முறையும் நம்பிக்கையும். பிரிவின் பெயரை மட்டும் எழுதாமல் எண்ணைத் தேடி எழுதுங்கள். இந்த நிகழ்வுக்கு 13.1, 13.2 இரண்டும் பொருந்தும். உடல்நிலை மோசமாவதன் அறிகுறிகளைச் சரியாகக் கண்டறிவதைப் பற்றியது முன்னது. உரிய நேரத்தில் மற்றொரு நிபுணரிடம் அனுப்புவதைப் பற்றியது பின்னது. கோட்பாட்டில் மொத்தம் 25 பகுதிகள்தான். ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டால் எது எங்கே இருக்கிறது என்று பிடிபட்டுவிடும்.

முதல் வரைவைத் தமிழில் எழுதுங்கள், அல்லது தமிழில் பேசிப் பதிவு செய்யுங்கள். பயம், கூச்சம், கோபம் எல்லாம் நமக்குத் தமிழில்தான் நேராக வரும். ஆங்கிலத்தில் தொடங்கினால் கூட்டங்களில் கேட்ட தேய்ந்த தொடர்கள் முதலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். தமிழில் எழுதியதை எளிய ஆங்கிலத்தில் படிவத்துக்கு மாற்றுங்கள். இலக்கணப் பிழைக்காக எந்தக் குறிப்பும் திருப்பி அனுப்பப்படாது. ஒரு பக்கம் போதும். ஆறு கட்டங்கள் கொண்ட கிப்ஸ் சுழற்சி போன்ற தன்னாய்வு மாதிரிகளைப் பயன்படுத்தலாம், கட்டாயம் இல்லை. ஆறு கட்டங்களையும் நிரப்ப வேண்டும் என்ற பதற்றத்தில் சிந்தனை நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொருவர் குறிப்பைப் பெயர் மாற்றி எழுதுவதும், கணினியிடம் எழுதச் சொல்வதும் இப்போது பரவலாக நடக்கின்றன. தயவுசெய்து வேண்டாம். நெறிமுறை ஒரு பக்கம் இருக்கட்டும். அடுத்து வரும் கலந்துரையாடலில் இரண்டு கேள்வி கேட்டாலே அது உங்களுடையது அல்ல என்று தெரிந்துவிடும்.

காலக் கணக்கு: முதல் ஆண்டில் இரண்டு, இரண்டாம் ஆண்டில் இரண்டு, மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் ஒன்று. கடைசி மாதத்தில் ஐந்தையும் எழுத உட்கார்ந்தால் நிகழ்வுகள் நினைவில் இருக்கும், அப்போது என்ன நினைத்தீர்கள் என்பது மறந்திருக்கும். உங்களுக்கு வேண்டியதோ அந்த நினைப்புதான்.

6. யாருடைய அடையாளமும் தெரியக் கூடாது

பெயர், படுக்கை எண், மருத்துவமனை எண், பிறந்த தேதி எதுவும் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். தவறுவது வேறு இடத்தில். “எங்கள் வார்டில் கிறிஸ்துமஸ் இரவு சேர்ந்த, அரிய நரம்பு நோய் உள்ள 34 வயது ஆசிரியை” என்று எழுதினால் பெயரே வேண்டாம், அந்த மருத்துவமனையில் பாதிப் பேருக்கு ஆள் யாரென்று புரிந்துவிடும். “ஒரு நோயாளி”, “ஓர் இரவுப் பணியில்” என்று எழுதுங்கள். உடன் பணியாற்றுபவர்களுக்கும் இதே விதி. “எங்கள் வார்டின் ஒரே ஆண் செவிலியர்” என்பதும் அடையாளம்தான்.

நினைவுக்காக நோயாளியின் அட்டையைக் கைபேசியில் படம் எடுப்பது, வாட்ஸ்அப் குழுவில் நிகழ்வைப் போட்டு ‘இதை எப்படி எழுதலாம்’ என்று கேட்பது இரண்டும் வேலைக்கே ஆபத்தானவை.

7. “எழுதினால் எனக்கே எதிராகத் திரும்பாதா?”

இந்தப் பயம் நியாயமானது. 2018இல் இங்கே ஓர் இளநிலை மருத்துவரின் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டு, அதே ஆண்டு ஆகஸ்ட்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை மீட்டது. அந்த வழக்கில் அவருடைய தன்னாய்வுக் குறிப்புகளே அவருக்கு எதிராகப் பயன்பட்டன என்ற பேச்சு மருத்துவமனைகளெங்கும் பரவியது. அதன் பிறகு பலர் ஒன்றுமில்லாத குறிப்புகளை எழுதத் தொடங்கினர்.

அடுத்த ஆண்டு, 2019இல், என்.எம்.சி. உள்ளிட்ட மருத்துவத் துறை ஒழுங்குமுறை அமைப்புகள் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. ஒருவர் மீது வரும் புகாரை விசாரிக்க அவருடைய தனிப்பட்ட தன்னாய்வுக் குறிப்புகளைக் கேட்க மாட்டோம் என்று அதில் தெளிவாகச் சொன்னார்கள். விரும்பினால் நீங்களாக முன்வந்து கொடுக்கலாம். தவறிலிருந்து கற்றிருக்கிறீர்கள் என்று காட்ட அது உதவுவதும் உண்டு. நீதிமன்றம் ஓர் ஆவணத்தைக் கேட்டால் அது வேறு விஷயம். அதனால்தான் குறிப்பில் நிகழ்வின் நிமிடக் கணக்கு வேண்டாம், உங்கள் சிந்தனை போதும் என்கிறேன். நிகழ்வின் விவரங்களுக்கு நோயாளியின் பதிவேடும் டேட்டிக்ஸும் இருக்கின்றன. அவற்றில் எழுத வேண்டியதை அங்கே முழுமையாக எழுதிவிடுங்கள். ஒரு விசாரணை நடந்துகொண்டிருக்கும் நிகழ்வைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். வேறொன்று எடுங்கள், இல்லையென்றால் முதலில் தொழிற்சங்கத்திடம் கேளுங்கள்.

8. கலந்துரையாடல்: யாரைத் தேர்ந்தெடுப்பது?

என்.எம்.சி. பதிவில் இருக்கும் யாரும் ஆகலாம். உங்கள் மேலதிகாரியாக இருக்க வேண்டியதில்லை, ஒரே வார்டாக இருக்க வேண்டியதில்லை. நேரில் அல்லது காணொளியில் பேசலாம். நம்மவர்கள் உடனே நெருங்கிய தோழியைக் கேட்பார்கள். தோழி “நன்றாக இருக்கிறது அக்கா” என்று சொல்லி ஐந்து நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார். ஐந்து குறிப்புகளுக்காக நீங்கள் பட்ட பாடு அங்கே வீணாகிறது. உங்களைவிட அனுபவம் மிக்க, உங்களோடு கருத்து வேறுபடத் தயங்காத ஒருவரைக் கேளுங்கள். குறைந்தது ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள், குறிப்புகளை ஒரு வாரம் முன்பே கொடுங்கள்.

போகும்போது ஒரே ஒரு கேள்வியை எடுத்துச் செல்லுங்கள்: “இதில் நான் எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றுகிறது?” விடை வரும்போது குறுக்கிடாமல் கேளுங்கள். அவர் சொன்னது பொருந்தினால் குறிப்பில் சேர்த்துவிடலாம், அதற்கு எந்தத் தடையும் இல்லை.

அவருடைய பெயர், பின் நம்பர், மின்னஞ்சல், பணி முகவரி, பேசிய தேதி, சுருக்கம், கையெழுத்து ஆகியவை படிவத்தில் வேண்டும். இந்தப் படிவத்தைத் தாளில் வைத்துக்கொள்ளும்படிதான் என்.எம்.சி. அறிவுறுத்துகிறது. இன்னொருவரின் விவரங்கள் அதில் இருப்பதால் கணினியில் சேமித்தால் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரலாம்.

9. உறுதிப்படுத்துபவர்

பொதுவாக உங்கள் வார்டு மேனேஜர். அவர் என்.எம்.சி. பதிவில் இருந்தால் கலந்துரையாடலையும் அவரோடே முடித்துவிடலாம். ஒரே நாளில் வேலை முடியும் என்பது வசதி. ஆனால் உங்கள் விடுப்பையும் பணி உயர்வையும் முடிவு செய்பவரிடம் மனம் திறந்து பேச வருமா என்று யோசியுங்கள். வராது என்றால் இரண்டையும் பிரித்துவிடுங்கள். உறுதிப்படுத்துபவர் உங்கள் தகுதியை மதிப்பிடுவதில்லை. கேட்டவையெல்லாம் கோப்பில் இருக்கின்றனவா என்று மட்டும் பார்க்கிறார்.

இந்தக் கையெழுத்து விண்ணப்பத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். ஆண்டு மதிப்பீடு அந்தக் காலத்தில் வந்தால் அதோடு சேர்த்து முடித்துக்கொள்ளுங்கள். மேனேஜர்கள் டிசம்பரிலும் ஆகஸ்ட்டிலும் கைக்குக் கிடைப்பது கடினம்.

ஏஜென்சியில் வேலை செய்பவர்கள் ஏஜென்சியில் இருக்கும் பொறுப்பாளரை அல்லது அதிகம் வேலை பார்க்கும் இடத்தின் மேனேஜரைக் கேட்கலாம். காப்புறுதி உங்கள் பணியிடத்தால் தரப்படுகிறதா என்பதையும் அப்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். என்.ஹெச்.எஸ். ஊழியர்களுக்கு அது பணியிடத்தின் வழியாகவே உண்டு. தனியார் இல்லங்களில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

10. விண்ணப்பமும் பணமும்

இணையக் கணக்கில் நிரப்ப அரை மணி நேரம் போதும். எதையும் பதிவேற்றுவதில்லை. இருக்கிறது என்று உறுதிமொழி தருகிறீர்கள், கலந்துரையாடியவர், உறுதிப்படுத்தியவர் இருவரின் விவரங்களையும் தருகிறீர்கள். அவர்களுடைய மின்னஞ்சலை எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள். சரிபார்ப்புக்கு நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டால் என்.எம்.சி. அந்த முகவரிக்குத்தான் எழுதும்.

நன்னடத்தைப் பகுதியில் குற்றவழக்கு, காவல்துறை எச்சரிக்கை, வேறு தொழில்முறைக் கழகம் உங்களுக்கு எதிராக எடுத்த முடிவு ஆகியவற்றைக் கேட்பார்கள். ஊரில் உள்ள நர்சிங் கவுன்சில் எடுத்த நடவடிக்கையும் இதில் அடங்கும். வாகன நிறுத்த அபராதம் இதில் வராது.

ரீவேலிடேஷனுக்கென்று தனிக் கட்டணம் கிடையாது. வழக்கமான ஆண்டுக் கட்டணம் மட்டுமே. அது 2015இலிருந்து 120 பவுண்டாக இருந்துவந்தது, கட்டும்போது கணக்கில் காட்டும் தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரடிப் பற்றுவழியில் (டைரக்ட் டெபிட்) நான்கு தவணையாகக் கட்டலாம். வங்கி மாற்றியவர்கள் அந்த ஏற்பாடு புதிய கணக்குக்கு வந்திருக்கிறதா என்று பாருங்கள். விண்ணப்பம் சரியாகப் போயும் பணம் போகாமல் பதிவு இழந்தவர்கள் உண்டு. அப்படி நேர்ந்தால் மீண்டும் சேர்வதற்கு இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை செவிலியராக வேலை இல்லை. விசாவும் இதே வேலையைச் சார்ந்திருப்பவர்களுக்கு இதன் பொருள் சொல்லாமலே விளங்கும்.

இந்தக் கட்டணத்துக்கு வருமான வரிச் சலுகை உண்டு. 20 சதவீத வரி கட்டுபவருக்கு 120 பவுண்டில் 24 பவுண்டு திரும்ப வரும். நான்கு ஆண்டுகள் பின்னோக்கியும் கேட்கலாம். வரித்துறையின் தளத்தில் நீங்களே இலவசமாகச் செய்யலாம், தரகருக்குப் பங்கு கொடுக்க வேண்டாம்.

11. அனுப்பிய பிறகு

முடிந்தது என்று மின்னஞ்சல் வரும். சிலரை ஒவ்வோர் ஆண்டும் கூடுதல் விவரம் கேட்டுச் சரிபார்ப்பார்கள். உங்கள் மீது சந்தேகம் என்று அதற்குப் பொருள் இல்லை, பதறாமல் கேட்ட நாளுக்குள் பதில் எழுதுங்கள். கோப்பை அடுத்த ரீவேலிடேஷன் முடியும்வரை தூக்கி எறியக் கூடாது. புதிய மூன்றாண்டுக் கணக்கு உடனே தொடங்குகிறது. பழைய குறிப்புகளையும் பயிற்சியையும் அதில் மீண்டும் காட்ட முடியாது. புதிய உறை ஒன்றில் அடுத்த விண்ணப்பத் தேதியைப் பெரிதாக எழுதி, முதல் குறிப்புக்கான படிவத்தையும் அச்செடுத்து உள்ளே வைத்துவிடுங்கள்.